ஒத்த ரோட்ல பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற வண்டிய என்ன பண்றது?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லிடுறேன். லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆகுது, கும்பகோணத்துல இருந்து நாச்சியார்கோவில் தாண்டி உள்ள இருக்கிற ஒரு கிராமத்து ஸ்கூலுக்கு தினமும் கார் எடுத்துட்டு போறீங்க, ஒரு பக்கம் 22 கிலோமீட்டர், அதுல கடைசி ஒன்பது கிலோமீட்டர் ஒத்த ரோடு. நீங்க நாப்பதுல போறீங்க, பின்னாடி மினி பஸ்ஸோ டிப்பரோ வந்து டிக்கிய முட்டுற மாதிரி ஒட்டிக்கிட்டு ஹார்ன் அடிச்சுக்கிட்டே வருது, அந்த நேரத்துல வேகமா போகணுமா, நிறுத்தணுமா, கண்டுக்காம போகணுமா, இல்ல உங்க அண்ணன் சொன்ன மாதிரி ஒரு தடவை சட்டுனு பிரேக்க மிதிச்சு காட்டணுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "நான் மெதுவா போறதுதான் தப்பா?"ன்னு ஒண்ணு கேட்டிருக்கீங்க பாருங்க, உங்க மனச அரிக்கிறது அதுதான்னு எனக்குத் தோணுது. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஏழு வருஷம் இதே டெல்டா ரோடுங்கள்ல தனியார் பஸ் ஓட்டினவன், அதுக்கப்புறம் பதினாலு வருஷமா டிரைவிங் ஸ்கூல்ல கார் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். அதனால பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தவனாவும் இருந்திருக்கேன், ஒட்டி வர்ற வண்டிக்கு முன்னாடி ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுங்குறவங்க பக்கத்து சீட்லயும் உக்காந்திருக்கேன். நான் சொல்றது பெரும்பாலும் காருக்குத்தான், டூ வீலர்ல போறவங்களுக்கு இதுல பாதிதான் பொருந்தும், அத கடைசிப் பக்கமா ஒரு வார்த்தை சொல்றேன்.

மெதுவா போறது தப்பில்ல. ஒத்த ரோடுன்னா தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர் தான், சில ஊருக்குள்ள 3 மீட்டர் கூட உண்டு. ஒரு பஸ்ஸோட அகலம் 2.6 மீட்டர் வரைக்கும் வரும், உங்க கார் 1.7ன்னு வெச்சுக்குங்க, ரெண்டையும் கூட்டினாலே 4.3, அதாவது நடுவுல ஒரு சாண் இடம் கூட விடாம உரசிக்கிட்டு நின்னாலும் தார்ல ரெண்டும் கொள்ளாது. எதிர்ல எது வந்தாலும் யாராவது ஒருத்தர் மண்ணுல இறங்கித்தான் ஆகணும். அப்பேர்ப்பட்ட ரோட்ல நாப்பதுங்கிறது சரியான வேகம், சில இடத்துல அதுவே கூடுதல். ஆனா இன்னொண்ணும் இருக்கு, அத மறைச்சுப் பேசினா நான் நேர்மையா பதில் சொன்ன மாதிரி ஆகாது. பின்னாடி ஒரு பஸ் நிக்குதுன்னு தெரிஞ்சும், ஒதுங்க நல்ல இடம் ரெண்டு மூணு வந்தும், அத விட்டுட்டு அஞ்சு கிலோமீட்டருக்கு அவன இழுத்துக்கிட்டே போறோம்னா அது நம்ம தப்பு. வேகம் உங்க உரிமை, ரோடு மொத்தமும் உங்க உரிமை இல்ல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தீங்கன்னா பாதி பதட்டம் அங்கயே இறங்கிடும்.

அவன் ஏன் ஒட்டுறான்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. நியாயப்படுத்த சொல்லல, உங்க மேல கோவத்துல பண்றான்னு நீங்க நினைக்காம இருக்கத்தான் சொல்றேன். தனியார் பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல நிமிஷக் கணக்குல டைமிங் உண்டு, ரெண்டு நிமிஷம் லேட்டா போனா அடுத்த பஸ்காரன் வந்து சண்டைக்கு நிப்பான், வழியில காத்துக்கிட்டு நிக்கிற சனமும் அவனுக்குப் போயிடும், கலெக்‌ஷன் குறைஞ்சா படி குறையும். டிப்பர்காரனுக்கு நடைக்கு இவ்வளவுன்னு காசு, ஒரு நடை கூட அடிச்சா வீட்டுக்கு அவ்வளவு கூட எடுத்துட்டுப் போகலாம். இதுக்கு மேல ஒண்ணு, உயரம். பஸ் சீட்ல உக்காந்து பாத்தா உங்க கார் கூரைக்கு மேல முந்நூறு மீட்டருக்கு ரோடு காலியா தெரியும், காலி ரோட்ல ஏன் இந்தக் கார் ஊர்ந்துக்கிட்டு போகுதுன்னு தோணும். அங்க இருந்து கீழ பாக்கிறப்ப காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல இருக்கிற தூரம் உங்களுக்குத் தெரியுற மாதிரி பயங்கரமா தெரியாது. நானே அப்படி ஓட்டியிருக்கேன், யாரையும் பயமுறுத்தணும்னு நினைச்சு ஓட்டல, ஆனா முன்னாடி போனவங்க பயந்திருப்பாங்கன்னு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து பக்கத்து சீட்ல உக்காந்த அப்புறம்தான் எனக்கு உறைச்சது. அது இன்னைக்கும் மனசுல இருக்கு.

சரி, இப்ப கணக்கு. இது யார் சொன்னாலும் மாறாது. நாப்பதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் நகரும். முன்னாடி ஏதோ நடக்குதுன்னு கண்ணு பாத்து மூளைக்குப் போயி கால் பிரேக்குக்கு வர்றதுக்கே நல்ல டிரைவருக்கு ஒரு செகண்ட் ஆகும், அசந்திருந்தா ஒன்றரை. அவன் உங்க பின்னாடி அஞ்சு மீட்டர்ல வர்றான்னா அவன்கிட்ட இருக்கிறது அரை செகண்ட் கூட இல்ல. அதுலயும் ஏர் பிரேக் வண்டின்னா பெடல மிதிச்ச அப்புறம் காத்து போயி பிரேக் பிடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், பத்து சக்கர டிப்பர் லோடோட 28 டன் வரைக்கும் இருக்கும். ஆக நீங்க முழு பிரேக் அடிச்சா அவன் இடிப்பான், அவன் எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் இடிப்பான்.

இதுல இருந்து வர்ற முடிவு தான் நான் இங்க சொல்ல வந்ததுலயே முக்கியமானது: பின்னாடி இடம் இல்லன்னா முன்னாடி இடத்தக் கூட்டுங்க. அவனோட இடைவெளி உங்க கையில இல்ல, உங்க முன்னாடி இருக்கிற இடைவெளி முழுக்க உங்க கையில. எங்க ஸ்கூல்ல எப்படி சொல்லித் தருவேன்னா, முன்னாடி போற வண்டி ஒரு புளியமரத்தையோ கரண்ட் கம்பத்தையோ தாண்டினதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு"ன்னு நிதானமா எண்ணுங்க, எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீங்க அந்த மரத்துக்கிட்ட போயிட்டா ரொம்ப கிட்ட போறீங்கன்னு அர்த்தம். பின்னாடி யாரும் இல்லன்னா மூணு போதும். பின்னாடி ஒருத்தன் ஒட்டியிருந்தா அத அஞ்சாக்குங்க, மழையா இருந்தா அதுக்கும் மேல. நாப்பதுல அஞ்சு செகண்டுன்னா 55 மீட்டர். அவ்வளவு இடம் இருந்தா நீங்க பிரேக்க மிதிக்கவே வேணாம், தடவினா போதும், வண்டி முப்பது மீட்டர் முப்பத்தஞ்சு மீட்டர்ல நிதானமா நிக்கும், பின்னாடி அசந்து வர்றவனுக்கும் நிக்க நேரம் கிடைக்கும். அதாவது அவன் பிரேக்கையும் சேத்து நீங்கதான் பிடிக்கிறீங்க. முன்னாடி வண்டியே இல்ல, காலி ரோடு அப்படின்னாலும் இதே கணக்குதான், வளைவு, மதகு, ஊர் முனை எதுவா இருந்தாலும் நாலு வீடு முன்னாடியே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துடணும்.

புதுசா ஓட்டுறவங்க இதுக்கு நேர் எதிரா செய்வாங்க. பின்னாடி ஹார்ன் கேட்டதும் அவங்களுக்கே தெரியாம கால் அழுந்தும், நாப்பது அம்பத்தஞ்சு ஆகும், முன்னாடி இடைவெளி குறையும், பின்னாடி இருக்கிறவனும் அதே வேகத்துக்கு வந்து மறுபடி ஒட்டிக்குவான். இப்ப அதே அஞ்சு மீட்டர்தான், ஆனா வேகம் மட்டும் ஏறிடுச்சு. நாப்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் இருபதுதானேன்னு தோணும், பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் ரெண்டே கால் மடங்கு ஆயிடும். அதனால வேகத்தக் கூட்டி அவன கழட்டி விட முடியவே முடியாது, இத எழுதி வெச்சுக்குங்க.

இன்னொரு ஆபத்து கண்ணாடி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா எங்கிட்ட கத்துக்கிட்டாங்க, ஐம்பது வயசு இருக்கும், நிதானமானவங்க. ஆத்தங்கரை ரோடு, ஒரு பக்கம் அரசலாறு, ஒரு பக்கம் வயல் ஒரு ஆள் ஒசரம் கீழ. பின்னாடி ஒரு பால் வண்டி வந்து ஒட்டிச்சு. அவங்க கண்ணு உள்கண்ணாடியிலயே ஒட்டிக்கிச்சு, நான் அவங்க கண்ணத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், ரோட்ட பாக்கிறது ஒரு தடவைன்னா கண்ணாடிய பாக்கிறது மூணு தடவை. கண்ணு எங்க போகுதோ கையும் அங்க போகும், வண்டி கொஞ்சம் கொஞ்சமா ஆத்துப் பக்கம் சாய ஆரம்பிச்சுது, இடது முன் டயர் தார விட்டு இறங்கி சரளைக்கல்லு அடியில தெறிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவங்களுக்கே தெரியுது. எங்க கார்ல என் கால்கிட்டயும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும், ஸ்டியரிங்ல ஒரு கை வெச்சுக்கிட்டு மெதுவா நிறுத்திட்டோம். பால் வண்டி போயே போயிடுச்சு, அவன் எங்களத் தொடக்கூட இல்ல. அந்த அம்மாவ ஆத்துக்குள்ள தள்ளப் பாத்தது கண்ணாடிதான். அன்னையில இருந்து நான் சொல்றது, பின்னாடி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டாச்சுன்னா உள்கண்ணாடிய ஒரு தடவை தட்டி கொஞ்சம் மேல திருப்பி விட்டுடுங்க, அவன் முகம் தெரிய வேண்டாம். பக்கக் கண்ணாடி ரெண்டும் அப்படியே இருக்கட்டும், அவன் ஓவர்டேக் எடுக்கிறானான்னு பாக்க அது போதும்.

இப்ப ஒதுங்குறது. இதுக்கு ரெண்டு வழி. ரோடு கொஞ்சம் அகலமா, நேரா, எதிர்ல எதுவும் இல்லாம இருந்தா இடது இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரமா வந்து, வேகத்த இருபத்தஞ்சுக்கு இறக்கினா போதும், அவனே தாண்டிடுவான். தாண்டுற நேரத்துல நீங்க வேகம் எடுக்கக்கூடாது, இது மரியாதைக்கு மட்டும் இல்ல, ஓவர்டேக் பண்ண விடாம வேகத்தக் கூட்டுறது சட்டப்படியே தப்பு. ஒத்த ரோட்ல இது நடக்காது, அங்க முழுசா ஒதுங்கித்தான் விடணும், எங்க ஒதுங்குறோம்ங்கிறது தான் விஷயம். தார் மேல தார் போட்டு போட்டு நம்ம ரோட்டு விளிம்பு பல இடத்துல அரை அடி ஒசரத்துக்கு நிக்குது. நாப்பதுல போறப்ப ஒரு பக்கம் டயர் மட்டும் அதுல இறங்கிச்சுன்னா, பயந்து ஸ்டியரிங்க வெடுக்குனு வலது பக்கம் ஒடிப்போம், டயர் விளிம்புல தேய்ஞ்சுக்கிட்டே இருந்து சட்டுனு ஏறும், ஏறின வேகத்துல கார் எதிர்ப்பக்கத்துக்குப் பாயும். தப்பித்தவறி இறங்கிட்டா ஸ்டியரிங்க நேரா பிடிச்சு, கால எடுத்து, நல்லா வேகம் குறைஞ்ச பிறகு ஏத்துங்க. மழை பெஞ்ச நாள்ல நம்ம ஊர் களிமண்ணுல தார விட்டு இறங்கவே இறங்காதீங்க, பாக்க கெட்டியா இருக்கும், ஏறி நின்னா அச்சு வரைக்கும் உள்ள போயிடும். வாய்க்கால் ஓரமா நாணல் வளந்து கிடக்கிற இடத்துல மண்ணு எங்க முடியுது தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

ஒதுங்க நல்ல இடம்னா பஸ் நிக்கிற இடம், கோயில் வாசல், ரேஷன் கடை முன்னாடி, நெல்லு அடிக்கிற களம், கொள்முதல் நிலையத்து வாசல், வயலுக்கு டிராக்டர் இறங்குற சரிவு. வளைவ ஒட்டி வேண்டாம், பாலத்துக்கு ஏறுற மேட்டுலயும் வேண்டாம். இடம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் நூறு மீட்டர் முன்னாடியே இடது இண்டிகேட்டர், அப்புறம் கால எடுங்க, பிரேக்க லேசா ரெண்டு தடவை தொட்டு பின்னாடி சிவப்பு லைட்ட காட்டுங்க, அப்புறம் நிதானமா இறங்கி நில்லுங்க. அவன் போனதும் உடனே ஏறாதீங்க, முதல் பஸ்ஸுக்குப் பின்னாடி அடிச்சுப் பிடிச்சு வர்ற ரெண்டாவது பஸ்ஸோ, புழுதிக்குள்ள ஒரு பைக்கோ இருக்கும், வலது தோளுக்கு மேல திரும்பிப் பாத்துட்டு ஏறுங்க. இது மொத்தத்துக்கும் இருபது செகண்ட், அரை நிமிஷம். உங்க 22 கிலோமீட்டருக்கு நாப்பதுல 33 நிமிஷம், அம்பதுல போனா 26 நிமிஷத்து சொச்சம். நாலு தடவை ஒதுங்கினாலும் ரெண்டு நிமிஷம் முன்னாடி கிளம்பினா சரியாப் போச்சு.

இண்டிகேட்டர் விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு, அத சொல்லியே ஆகணும். நம்ம பக்கம் லாரிக்காரங்க "நீ போ, எதிர்ல யாரும் இல்ல"ன்னு சொல்ல இடது இண்டிகேட்டர் போடுவாங்க, வடக்குல இருந்து வர்ற வண்டியில சிலர் அதுக்கே வலது போடுவாங்க, வலது பக்கம் திரும்பப் போறவனும் வலதுதான் போடுவான். அதனால நீங்க இடது போட்டா பின்னாடி இருக்கிறவன் அத "ஏறிப் போ"ன்னு எடுத்துக்குவான்னு நினைச்சுக்கிட்டே போடுங்க, எதிர்ல வண்டி வர்ற நேரத்துல, வளைவுக்கு முன்னாடி போடாதீங்க. கைய வெளியில விட்டு முன்னும் பின்னும் அசைச்சு "போ"ன்னு காட்டுற சைகை 1989 சாலை விதிகள்லயே இருந்துச்சு, ஆனா புதுசா ஓட்டுற நீங்க அத செய்ய வேண்டாம்னுதான் சொல்வேன். நீங்க காட்டினத நம்பி அவன் ஏறி, மேடு தாண்டி ஒரு பைக்குல புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க வந்தா என்ன ஆகும்? எதிர்ல என்ன வருதுன்னு அவன் கண்ணால அவனே பாத்து முடிவு பண்ணட்டும், நீங்க ஓரம் கட்டி இடம் விடுங்க, அதோட உங்க வேலை முடிஞ்சுது.

அண்ணன் சொன்ன பிரேக் வைத்தியத்துக்கு வர்றேன். அண்ணன் உங்க மேல பாசத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா தயவு செஞ்சு அத செய்யாதீங்க. பின்னாடி இடிச்சவன் மேலதான் தப்பு, நமக்கு இன்சூரன்ஸ் வந்துடும்னு ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. அது முழு உண்மை இல்ல. முன்னாடி வண்டி திடீர்னு நின்னாலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் பின்னாடி வரணும்னு 1989 விதியிலயும் இருந்துச்சு, அதுக்குப் பதிலா வந்த 2017 விதியிலயும் இருக்கு. அதே விதிகள்ல, அவசியமான காரணம் இல்லாம சடன் பிரேக் அடிக்கக்கூடாதுன்னும் இருக்கு. ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி. 2018-ல உச்சநீதிமன்றத்துல ஒரு கேஸ், லாரிக்குப் பின்னாடி பத்துப் பதினஞ்சு அடியில போன கார் லாரி மேல இடிச்சது, அந்தப் பத்துப் பதினஞ்சு அடி பாதுகாப்பான தூரமே இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அது உங்க பக்கம். ஆனா 2025 ஜூலைல இன்னொரு தீர்ப்பு வந்துச்சு, நம்ம கோயம்புத்தூர்ல 2017 ஜனவரில நடந்த விபத்து. ஹைவேல கார் ஓட்டினவரு எந்த சிக்னலும் காட்டாம சட்டுனு பிரேக் போட்டாரு, பின்னாடி பைக்குல வந்த இன்ஜினியரிங் படிக்கிற பையன் காருல இடிச்சு விழுந்தான், அவனுக்குப் பின்னாடி வந்த பஸ் அவன் கால் மேல ஏறிடுச்சு, கால எடுக்க வேண்டியதாப் போச்சு. கார்க்காரரு சொன்ன காரணம், கூட வந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சுன்னு. அந்தக் காரணத்தையே கோர்ட் ஏத்துக்கல. கார் மேல 50 சதவீதம், பஸ் மேல 30, இடைவெளி விடாம வந்ததுக்காகவும் லைசென்ஸ் இல்லாததுக்காகவும் அந்தப் பையன் மேல 20ன்னு பிரிச்சாங்க. கர்ப்பிணிக்கு முடியலைங்கிறதே போதாதுன்னா, "பின்னாடி வந்தவனுக்குப் பாடம் கத்துக் குடுக்க அடிச்சேன்"ங்கிறத யார் கேப்பாங்க? நான் வக்கீல் இல்ல, உங்களுக்குன்னு ஒரு கேஸ் வந்தா வக்கீலத்தான் பாக்கணும், ஆனா சடன் பிரேக் அடிச்சவங்க மேலயும் பழி வரும்ங்கிறதுல சந்தேகமே வேண்டாம். அத விட முக்கியம், உங்க பின்னாடி 28 டன் வந்துக்கிட்டு இருக்கிறப்ப தீர்ப்பு யார் பக்கம் வந்தா என்ன.

நம்ம ரோடுகளுக்குன்னே உள்ள சில விஷயம். அறுவடை நேரத்துல, குறுவைக்கு செப்டம்பர் அக்டோபர், சம்பாவுக்கு தை மாசி, பாதி ரோட்டுக்கு நெல்லு காயும், சுத்தி கல்லு வெச்சிருப்பாங்க. நெல்லு மேல பிரேக் பிடிச்சா மணல்ல சறுக்குற மாதிரி சறுக்கும், அந்தக் கல்லு ராத்திரில கண்ணுக்கே தெரியாது. அறுவடை மெஷின் ரோட்ட அடைச்சுக்கிட்டு எதிர்ல வரும், அறுத்த வயல்ல மேய விடுற வாத்துக் கூட்டம் திடீர்னு ரோடு ஏறும், கரும்பு டிராக்டர் பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர் கூட இல்லாம நிக்கும். மார்கழி தைல காலைல ஏழரை மணி வரைக்கும் பனி, எதிர்ல இருக்கிற பாலம் தெரியாது. ஆனா இது எல்லாத்தையும் விட நான் பயப்படுறது பெயிண்ட் அடிக்காத வேகத்தடைக்குத்தான். நீங்க அத கடைசி நிமிஷத்துல பாத்து மிதிப்பீங்க, பின்னாடி இருக்கிறவன் இடிப்பான். உங்க வழியில இருக்கிற ஒவ்வொரு வேகத்தடையும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், எந்த டீக்கடை, எந்த ஸ்கூல், எந்த அரசமரம்னு.

இதோட சேத்து ஒரு சின்ன விஷயம், பல பேருக்குத் தெரியாது. கியர நாலுல இருந்து ரெண்டுக்கு இறக்கினா வண்டி நல்லா வேகம் குறையும், ஆனா பின்னாடி சிவப்பு லைட் எரியாது, ஒட்டிக்கிட்டு வர்றவனுக்கு நீங்க குறைச்சதே தெரியாது. அதனால கியர் இறக்குறப்ப பிரேக்க லேசா தொட்டுக்குங்க. அந்த லைட் எரியுதான்னும் பாருங்க, ராத்திரி வீட்டுச் சுவர் பக்கம் டிக்கிய வெச்சு நிறுத்தி பிரேக்க மிதிச்சா சுவர்ல சிவப்பு ரெண்டு பக்கமும் தெரியணும். எங்கிட்ட சொந்தக் கார் கொண்டு வந்து பழகுறவங்க வண்டியில முதல் நாளே இத பாப்பேன், ஒரு பக்கம் பல்ப் போயிருக்கிறது அடிக்கடி மாட்டும், ஓட்டுறவங்களுக்கு அது தெரிஞ்சே இருக்காது.

ராத்திரில ஹை பீம் போட்டு ஒட்டினா உள்கண்ணாடிக்கு அடியில ஒரு சின்ன கொக்கி மாதிரி இருக்கும், அத உங்க பக்கம் இழுத்து விட்டா வெளிச்சம் மங்கிடும். பதிலுக்கு நீங்க எதையும் போட வேண்டாம். இதுவரைக்கும் சொன்னதுல கணக்கும் சட்டமும் உறுதியானது. இனி சொல்றது என் அபிப்பிராயம் மட்டும்தான், வேற வாத்தியார் வேற மாதிரி சொல்லலாம். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப நாலு இண்டிகேட்டரையும் போடுறது எனக்குப் பிடிக்காது, நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாது. பிரேக் லைட்ட ரெண்டு தடவை காட்டினா சிலர் பின்வாங்குவாங்க, சிலருக்கு ரோஷம் வந்து இன்னும் ஒட்டுவாங்க, அதனால ஒரு தடவைக்கு மேல முயற்சி பண்ணாதீங்க. "புதிய ஓட்டுநர்"னு பின்னாடி எழுதி ஒட்டுறது பஸ்காரங்ககிட்ட ஓரளவு எடுபடுது, நான் பஸ் ஓட்டினப்ப அப்படி எழுதியிருந்தா கொஞ்சம் தள்ளித்தான் போவேன், கார்ல வர்ற பசங்ககிட்ட அது எடுபட்டு நான் பாக்கல. பின்பக்கம் பாக்கிற கேமரா ஒண்ணு மாட்டிக்கிறது நல்ல செலவுதான், ஆனா அது சண்டைக்கு சாட்சி, இடியத் தடுக்காது. மலை ரோட்டுக்கு இது அத்தனையும் அப்படியே பொருந்தாது, அங்க இடம் பத்தலைன்னா ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவங்க ஒதுங்கணும், ஒதுங்குற இடமும் முறையும் வேற, அத வால்பாறை ஏற்காடு பக்கம் தினமும் ஓட்டுறவங்ககிட்ட கேளுங்க. டூ வீலர்ல வர்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, ஒட்டி வந்தா அடம் பிடிக்காம முதல் இடத்துலயே ஒதுங்கிடுங்க, உங்களச் சுத்தி தகரம் கூட இல்ல.

நீங்க ஒதுங்கியும் தாண்டாம பின்னாடியே வந்து, நிறுத்தினா நிறுத்தி, கத்துறான்னா அது வேற விஷயம், அது அவசரத்துல வர்றவன் இல்ல. கதவ லாக் பண்ணுங்க, கண்ணாடிய இறக்காதீங்க, கார விட்டு இறங்காதீங்க, வீட்டுக்கோ ஸ்கூலுக்கோ நேரா போகாதீங்க, ஆளு இருக்கிற பெட்ரோல் பங்க் இல்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போயி நின்னுக்கிட்டு 112-க்கு அடிங்க. தினமும் ஒரே பஸ்தான் இத செய்யுதுன்னா நம்பர், தேதி, நேரம், இடம் எழுதி வெச்சு நாலஞ்சு நாள் சேந்ததும் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல குடுங்க. இடைவெளி விடாதது சட்டத்துல 500ல இருந்து 1000 ரூபா வரைக்கும் அபராதம் உள்ள குத்தம்தான், ஆனா கிராமத்து ரோட்ல நின்னு அத யாரும் பிடிக்கப் போறதில்ல, நம்பரோட எழுத்துல போனா முதலாளி வரைக்கும் சேதி போகும், அதுக்கு டிரைவர் பயப்படுவான்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி வாக்குல, ரோட்ல சனம் இல்லாத நேரமா, அண்ணன பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு அந்த ஒன்பது கிலோமீட்டர மட்டும் ஒரு தடவை போயிட்டு வாங்க. அவரு கையில ஒரு நோட்டக் குடுங்க. வேகத்தடை எங்கெங்க, தார் விளிம்பு எங்க ஒசரமா நிக்குது, கார் முழுசா இறங்கி நிக்கிற மாதிரி கெட்டித் தரை எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் கி.மீ. மீட்டரப் பாத்து எழுதச் சொல்லுங்க. கெட்டித் தரை மாதிரி தெரியுற இடத்துல எல்லாம் கார நிறுத்திட்டு இறங்கி, குதிகாலால ஒரு தடவை ஓங்கி மிதிச்சுப் பாருங்க. ஒன்பது கிலோமீட்டர்ல ஏழெட்டு இடம் தேறினாலே அந்த ரோட்டுக்குப் போதும், திங்கக்கிழமை மினி பஸ் பின்னாடி வந்து நிக்கிறப்ப அடுத்த இடம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.